ஆறு ரோல், 216 ஃபிரேம்: ஒளிப்படப் பாடத்தின் செயல்திட்டத்தை ஃபிலிமில் செய்து முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பின் கடைசிப் பருவத்தில் ஒளிப்படத் தாளுக்காக எங்களிடம் கேட்கப்பட்டவை மூன்று: ஒரே பொருளைப் பற்றிய 12 படங்கள், அந்தப் படங்கள் உருவான விதத்தைக் காட்டும் குறிப்பேடு, எந்தக் கலைஞர்களிடமிருந்து என்ன கற்றோம் என்பதைச் சொல்லும் ஆய்வுரை. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் நான் டிஜிட்டல் கேமராவில்தான் படமெடுத்திருந்தேன். ஃபிலிமைக் கடைசியாகத் தொட்டது பள்ளிப் பருவத்தில், அப்பாவின் யாஷிகாவில். செயல்திட்டத்துக்காக மீண்டும் ஃபிலிமுக்குத் திரும்பியபோது நான் எதிர்பார்த்தது படங்களின் துகள்தன்மையையும் கறுப்பின் ஆழத்தையும்தான். அவற்றைவிடப் பெரிதாக ஒன்று கிடைத்தது. ஃபிலிமில் நாம் எடுத்த ஒவ்வொரு முடிவும், எடுத்த வரிசையிலேயே, அழிக்க முடியாதபடி பதிவாகி நிற்கிறது. தவறிய ஃபிரேமை அங்கேயே நீக்கிவிட முடியாது. 7-க்குப் பின் 8, 8-க்குப் பின் 9 என்று நம் பார்வை நகர்ந்த தடம் அப்படியே கையில் இருக்கும். ஒளிப்பட மாணவருக்கு அந்தத் தடம்தான் உண்மையான விடைத்தாள் என்று நான் நம்புகிறேன். இந்த வழிகாட்டியின் படிகள் அனைத்தும் அதை முன்வைத்தே அமைந்தவை.

முதல் படி: நடந்து போய்த் திரும்பக்கூடிய பொருளைத் தேர்ந்தெடுத்தல்

"சென்னையின் உழைக்கும் மக்கள்" போன்ற அகன்ற தலைப்பை எடுத்தால் ஆறு ரோல் போதாது. அறுபதும் போதாது. ஒரு தெரு, ஒரு கடை, ஒரு குடும்பம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். அதே இடத்துக்குக் குறைந்தது எட்டு முறையாவது போய்வர முடிய வேண்டும், ஏனெனில் முதல் ரோலைக் கழுவிப் பார்த்த பிறகுதான் அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியத் தொடங்கும்.

நான் எடுத்துக்கொண்டது எங்கள் தெருமுனையில், வேப்பமரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டி. கணவனும் மனைவியும் முறை மாற்றி நின்று தேய்ப்பார்கள். காலை ஏழு மணிக்குக் கரி மூட்டுவதில் தொடங்கி, இரவு துணி மூட்டைகளை வீடு வீடாகக் கொடுத்து முடிப்பது வரை அங்கே ஒரு முழு நாள் இருக்கிறது. முதல் வாரம் கேமராவை எடுத்துச் செல்லவில்லை. அருகில் நின்று பேசினேன், எப்போது வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று எழுதிக்கொண்டேன். இந்த ஒரு வாரத்தை யாரும் தவிர்க்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

ஆறு ரோலை இப்படிப் பிரிக்கலாம்: சோதனைக்கு ஒன்று, வேலைக்கு நான்கு, விட்டுப்போனதை மீண்டும் எடுக்க ஒன்று. ஒரு ரோலுக்கு 36 என்றால் மொத்தம் 216 ஃபிரேம். பன்னிரண்டு படங்களுக்கு இது தாராளமான கணக்குதான்.

இரண்டாம் படி: முன்னோடிகளைப் பயன்படும் விதத்தில் பார்த்தல்

ஆய்வுரையில் மாணவர்கள் பெரும்பாலும் எழுதுவது வாழ்க்கை வரலாறு: பிறந்த ஆண்டு, பெற்ற விருது, புகழ்பெற்ற படம். அதனால் அடுத்த நாள் கேமராவைத் தூக்கும்போது ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு கலைஞரிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இவர் எந்தச் சிக்கலைத் தீர்த்தார், அந்தச் சிக்கல் என் பொருளில் இருக்கிறதா?

நம் மண்ணிலிருந்தே தொடங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான லின்னேயஸ் டிரைப் 1850-களின் பிற்பாதியில் சென்னை அரசாங்கத்துக்காக மதுரை, தஞ்சாவூர் போன்ற இடங்களைப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாளே அவருக்கு நெகடிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டு ஒரே சட்டத்துக்குள் அடங்காது என்பதால், பகுதி பகுதியாக எடுத்து 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒரு சட்டத்தில் சொல்ல முடியாததை அடுத்தடுத்த சட்டங்களில் சொல்வது என்ற யோசனை எனக்கு இதைப் பார்த்துத்தான் வந்தது. இஸ்திரி வண்டியின் நீள மேசையை நான்கு ஃபிரேம்களாகப் பக்கவாட்டில் நகர்ந்து எடுத்தேன்; என் இறுதித் தேர்வில் முதல் நான்கு படங்கள் அவைதான்.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியை அவருடைய இறுதி நாள்களில் படமெடுத்தார். மகரிஷி ஏப்ரல் 14 அன்று மறைந்தார். கார்த்தியே-ப்ரெஸ்ஸோனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சரியான நொடியில் ஷட்டரை அழுத்தும் திறமையை மட்டுமே பேசுகிறோம். நான் கற்றுக்கொள்ள விரும்பியது வேறு. பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸோடு வாழ்ந்ததால், எவ்வளவு தூரத்தில் நின்றால் எது சட்டத்துக்குள் வரும் என்பது கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. மாணவர்களும் செயல்திட்டம் முழுவதையும் ஒரே லென்ஸில் முடிப்பது நல்லது. ஜூம் இல்லாதபோது கால்தான் நகர வேண்டும், கால் நகர்ந்தால் பார்வையும் மாறும்.

ராபர்ட் ஃபிராங்க் 1955, 56 ஆண்டுகளில் அமெரிக்காவைச் சுற்றி 27,000-க்கும் மேற்பட்ட ஃபிரேம்களை எடுத்து, அவற்றிலிருந்து 83 படங்களை மட்டும் "தி அமெரிக்கன்ஸ்" என்ற தன் நூலில் சேர்த்தார். முந்நூறுக்கும் மேல் எடுத்தால் ஒன்று என்ற கணக்கு அது. பதினெட்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கப்போகும் நாம், படமெடுப்பதைப் போலவே விலக்குவதையும் வேலையாகக் கருத வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னும் இருவரைப் பார்க்கலாம். தயாநிதா சிங் நீண்ட காலம் பயன்படுத்திய ஹாசல்பிளாட் கேமரா, குனிந்து மேலிருந்து பார்க்கும் வகையைச் சேர்ந்தது. படமெடுப்பவரின் முகத்தை அது மறைப்பதில்லை. வீடுகளுக்குள்ளும் குடும்பங்களுக்கு நடுவிலும் எடுக்கும்போது அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை அவருடைய படங்களில் உள்ளவர்களின் உடல்மொழியே சொல்லும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக்காரர் ஹோமாய் வியாரவல்லாவிடம் தள்ளி நின்று காத்திருக்கும் பொறுமையைக் கற்கலாம்.

குறிப்பேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் போதும். இடப்பக்கம் அவருடைய ஒரு படம், வலப்பக்கம் அதைப் பார்த்த பிறகு நாம் எடுத்த ஃபிரேமின் எண், நடுவில் நான்கு வரி. "மிகவும் ஈர்த்தது" என்று எழுதுவதைவிட "வெளிச்சம் பின்னாலிருந்து வந்தும் முகம் தெளிவாக இருக்கிறது, என்னுடைய ரோல் 2, ஃபிரேம் 19-இல் அதை முயன்றேன், முகம் கறுத்துவிட்டது" என்று எழுதுவது ஆயிரம் மடங்கு மேல்.

மூன்றாம் படி: கேமராவும் ஃபிலிமும்

வீட்டு அலமாரியில் அப்பாவோ தாத்தாவோ வைத்துவிட்டுப்போன கேமரா இருந்தால் முதலில் அதைச் சோதியுங்கள். வாங்குவதாக இருந்தால் பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்.எம்.2 போன்று ஷட்டர் இயந்திர விசையால் இயங்கும் வகை மாணவருக்கு ஏற்றது. பாட்டரி தீர்ந்தாலும் ஒளிமானி மட்டும்தான் நிற்கும், கேமரா நிற்காது. பின்கதவைத் திறந்து ஷட்டரை எல்லா வேகங்களிலும் அழுத்திக் கேளுங்கள். ஒரு வினாடிக்கும் அரை வினாடிக்கும் வேறுபாடு காதில் தெரிய வேண்டும். கதவின் ஓரத்தில் உள்ள கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்துப்போயிருந்தால் வெளிச்சம் கசியும். அதை மாற்றுவது சிறிய செலவுதான். லென்ஸைக் கைவிளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், சிலந்தி வலை போன்ற பூஞ்சை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நம் கடற்கரை நகரங்களின் ஈரப்பதத்தில் இது மிகப் பொதுவான நோய்.

ஃபிலிமைப் பொறுத்தவரை, முதல் செயல்திட்டத்துக்கு 400 ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறனின் அளவு) கறுப்பு வெள்ளை ஃபிலிமையே பரிந்துரைக்கிறேன். இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் இரண்டில் ஒன்று. இரண்டும் ஒளியளவில் செய்யும் பிழைகளைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும், இரண்டையும் வீட்டிலேயே கழுவலாம். ஒன்றைத் தேர்ந்தால் ஆறு ரோலும் அதுவாகவே இருக்கட்டும்.

இவை இன்று வெளிநாட்டிலிருந்து வருகின்றன. ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1967 முதல் ஊட்டியில் ஃபிலிம் தயாரித்தது. "இந்து" என்ற பெயர் பொறித்த பெட்டிகளை நம் ஸ்டுடியோக்காரர்கள் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். தூசியற்ற, குளிர்ந்த காற்று வேண்டும் என்பதற்காகவே மலையைத் தேர்ந்தார்கள். அந்த ஆலை மூடப்பட்டது எனக்கு ஆறாத வருத்தம்.

வாங்கிய ரோல்களைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது விடுங்கள்; இல்லையெனில் குளிர்ந்த ஃபிலிமின் மேல் நீர் முத்துக் கோக்கும். விமானப் பயணம் இருந்தால் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

ஃபிலிமை ஏற்றும்போது நான் செய்த பிழையை யாரும் செய்ய வேண்டாம். என் முதல் ரோலில் எண்காட்டி 36-ஐத் தாண்டி 38-க்குப் போனது, அதற்கு மேலும் போனது. ஃபிலிமின் நாக்கு சுருள்தண்டில் மாட்டவே இல்லை. ஒருநாள் காலை முழுவதும் நான் எடுத்ததாக நினைத்த எதுவும் எடுக்கப்படவில்லை. கதவை மூடிய பிறகு திருப்புக்குமிழை மெல்லச் சுற்றித் தளர்ச்சியை எடுத்துவிடுங்கள். அடுத்து ஃபிலிமை நகர்த்தும்போது அந்தக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது.

நான்காம் படி: ஒளியை அளத்தல்

டிஜிட்டலிலிருந்து வருபவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்களில் மிக முக்கியமானது இதுதான். டிஜிட்டலில் வெள்ளைப் பகுதி வெளுத்துப்போனால் மீட்க முடியாது என்பதால், படத்தைச் சற்றே இருட்டாக எடுத்துப் பின்னர் நிழலைத் தூக்கிவிடப் பழகியிருப்போம். நெகடிவில் நிலைமை தலைகீழ். நிழலில் போதிய ஒளி விழவில்லை என்றால் அங்கே வெற்று ஃபிலிம்தான் இருக்கும், எந்த மென்பொருளாலும் அதைத் தூக்க முடியாது. அதிக ஒளி விழுந்த வெள்ளைப் பகுதியோ நெகடிவில் அடர்த்தியாக நிற்கும். அதைப் பின்னர் அடக்கிக்கொண்டுவரலாம். ஆகவே நிழலுக்கு அளந்து எடுங்கள்.

இஸ்திரி வண்டியில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். காலை பத்து மணி. மரநிழலில் துணி தேய்க்கும் அக்கா நிற்கிறார், கறுத்த முகம். அவர் முன்னே வெள்ளை வேட்டிகளின் அடுக்கு, இலைகளின் இடைவெளி வழியே அதன்மேல் வெயில் திட்டு. கேமராவின் ஒளிமானி பெரும்பாலும் அந்த வெள்ளையைத்தான் பார்த்தது. ஷட்டர் வேகம் 1/500 வினாடி, லென்ஸின் துளை எஃப்/11 என்றது. ஒளிமானிக்கு வெள்ளை, கறுப்பு என்பதெல்லாம் தெரியாது. தான் பார்ப்பது எதுவானாலும் அதை நடுச்சாம்பலாக்க முயலும். அதன் பேச்சைக் கேட்டிருந்தால் வேட்டி சாம்பலாகியிருக்கும், முகம் காணாமல் போயிருக்கும். அக்காவின் முகத்தில் விழும் அதே நிழலில் என் உள்ளங்கையை நீட்டி, சட்டம் நிறைய அதை அளந்தேன்: 1/125, எஃப்/8. உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஒரு படி (ஒளி இரு மடங்காவது ஒரு படி) வெளிச்சமானது என்பதால் துளையை ஒரு படி திறந்து எஃப்/5.6 வைத்தேன். இரண்டு அளவுகளுக்கும் நான்கு படி வேறுபாடு. கழுவிய நெகடிவில் அவருடைய கன்னத்தின் வியர்வை மினுக்கம்கூட இருந்தது. வேட்டியின் மடிப்புகளை ஸ்கேன் செய்தபோது மீட்டுக்கொள்ள முடிந்தது.

நேரடி வெயிலில் ஒளிமானியே வேண்டாம். எஃப்/16 வைத்து, ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருக்கமான ஷட்டர் வேகத்தை வைத்தால் போதும். 400 ஃபிலிமுக்கு 1/500. ஒரு வாரம் இதைப் பழகினால் கண்ணே அளக்கத் தொடங்கும்.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சட்டைப் பையில் உள்ள சிறு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: எண், நேரம், துளை, வேகம், எதை அளந்தோம், ஏன் அழுத்தினோம். டிஜிட்டலில் கேமரா எழுதிவைத்ததை இங்கே நாமே எழுத வேண்டும். அந்த "ஏன்" எந்தக் கேமராவும் எழுதாதது.

ஐந்தாம் படி: சென்னை வெப்பத்தில் ஃபிலிம் கழுவுதல்

முடிந்தவரை நீங்களே கழுவுங்கள். ஒருமுறை வெளியே கொடுத்து வாங்கியபோது நெகடிவ் முழுவதும் நீளவாக்கில் கீறல் விழுந்திருந்தது. அந்த ரோல் போனது போனதுதான். அதற்குப் பிறகு என் ஃபிலிமை நானே கழுவுகிறேன்.

தேவையானவை: ஒளி புகாத டெவலப்பிங் டேங்க், ரீல், வெப்பமானி, அளவுக் குவளைகள், டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்), ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்), ஃபிக்ஸர் (படத்தை நிலைக்கவைக்கும் கரைசல்), துணி கவ்விகள். ஃபிலிமை ரீலில் சுற்றுவதை முழு இருட்டில் செய்ய வேண்டும். இரவில், ஜன்னல் மூடிய குளியலறை போதும். ஆனால் நம் ஊரில் உள்ள சிக்கல் வியர்வை. ஈரக் கையோ ஈர ரீலோ பட்டால் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. ரீலை முந்தைய நாளே வெயிலில் காயவையுங்கள், ஏற்கெனவே வீணான ஒரு ரோலில் கண்ணை மூடிப் பத்து முறையாவது பழகுங்கள். என் அந்த வெற்று ரோல் இதற்குத்தான் பயன்பட்டது.

அடுத்தது வெப்பநிலை. கழுவும் நேரங்கள் 20 பாகைக்குக் கணக்கிடப்பட்டவை. மே மாதத்தில் குழாய் நீர் 30 பாகையைத் தாண்டியே வரும். வெப்பம் ஏறினால் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும், நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் சீராகக் கழுவ முடியாது. நான் 24 பாகையை என் அளவாக வைத்துக்கொண்டேன். ஒரு பேசினில் நீரும் பனிக்கட்டியும் போட்டு, எல்லாக் கரைசல்களையும், அலசும் நீரையும்கூட, அதில் நிறுத்தி ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவர வேண்டும். எச்.பி.5 பிளஸுக்கு ஐ.டி.-11 டெவலப்பரை நீரோடு சரிபாதி கலந்தால் 20 பாகையில் 13 நிமிடம், 24 பாகையில் ஏறத்தாழ 9 நிமிடம். ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 150 மி.லி. டெவலப்பரும் 150 மி.லி. நீரும் போதும்.

ஊற்றியவுடன் முதல் 10 வினாடிக்குள் டேங்கை நான்கு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அடியைத் தரையில் இருமுறை தட்டினால் காற்றுக்குமிழிகள் விடுபடும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு முறை. வேகமாகக் குலுக்கினால் வெள்ளைப் பகுதிகள் அளவுக்கு மீறி அடர்ந்துவிடும். நேரம் முடிந்ததும் டெவலப்பரைக் கொட்டி, ஸ்டாப் பாத் 10 வினாடி, பிறகு ஃபிக்ஸர். ஃபிக்ஸர் வீரியத்தோடு இருக்கிறதா என்று அறிய, ஃபிலிமின் வெட்டிய நாக்கை அதில் போட்டுப் பாருங்கள். அது கண்ணாடிபோல் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைப்போல் இரு மடங்கு நேரம் ரோலை ஃபிக்ஸரில் வைக்க வேண்டும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து, வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களுக்குக் கொடுக்கும் ஆய்வகத்திடம் ஒப்படையுங்கள்.

அலசுவதற்குக் குழாயை அரை மணி நேரம் திறந்துவிட வேண்டியதில்லை. லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த ஊரில் அதைச் செய்யவும் மனம் வராது. டேங்கில் நீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மீண்டும் நிரப்பி 10 முறை, மீண்டும் நிரப்பி 20 முறை. இல்ஃபோர்டு பரிந்துரைக்கும் முறை இது. ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். கடைசி முக்கலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். நம் போர் தண்ணீரின் உப்பு, காய்ந்த நெகடிவில் வெள்ளைப் பொட்டாக நிற்கும்.

எடுத்துப் பார்க்கும்போது ஃபிலிம் வெறுமையாக இருந்தால் பதற்றத்துக்கு முன் ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் எண்களும் ஓரத்தில் கறுப்பாகத் தெரிந்தால் கழுவியது சரி, பிழை கேமராவில். ஓர எழுத்துகளும் இல்லையென்றால் பிழை இரசாயனத்தில். பெரும்பாலும் டெவலப்பருக்கு முன் ஃபிக்ஸரை ஊற்றியிருப்போம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கீழ்முனையில் ஒரு கவ்வியைக் கனமாக மாட்டித் தொங்கவிடுங்கள்.

ஆறாம் படி: கான்டாக்ட் ஷீட்

ஒரு ரோலின் எல்லா ஃபிரேம்களையும் நெகடிவின் அளவிலேயே ஒரே தாளில் காட்டும் அச்சுதான் கான்டாக்ட் ஷீட். காய்ந்த ஃபிலிமை ஆறு ஆறு ஃபிரேமாக வெட்டினால் ஆறு துண்டுகள். 36-உம் ஒரே 8×10 தாளில் அடங்கும். இருட்டறை இருந்தால் தாளில் நேராக அச்சிடலாம். இல்லையென்றால் வெளிச்சப் பலகையில் துண்டுகளை அடுக்கி, மேலிருந்து டிஜிட்டல் கேமராவால் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினாலும் சரி. எதையும் நீக்காமல், வரிசை மாற்றாமல் அச்சிட வேண்டும் என்பது மட்டுமே விதி.

அந்தத் தாளை இரண்டு நாள் சுவரில் ஒட்டிவைத்துவிட்டுப் பாருங்கள். என் மூன்றாம் ரோலில் 11 முதல் 17 வரை ஏழு ஃபிரேம்களும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. அக்கா பெட்டியில் கரி மாற்றுகிறார், நான் ஓரடிகூட நகரவில்லை. 18-இல்தான் மண்டியிட்டிருக்கிறேன், பெட்டியின் வாய் திறந்து, தணலின் ஒளி அவர் மோவாயில் விழுகிறது. முந்தைய ஏழும் இல்லாமல் அந்த 18 இல்லை என்பதையும், ஏன் முன்பே மண்டியிடவில்லை என்ற கேள்வியையும் அந்தத் தாள் ஒருசேரக் காட்டியது. நான்காம் ரோலில் நான் நின்ற இடங்கள் முழுவதும் மாறியதற்கு இந்தத் தாள்தான் காரணம். சிவப்புப் பென்சிலால் தேர்வை வட்டமிட்டு, தாளைச் சுத்தப்படுத்தாமல் அப்படியே குறிப்பேட்டில் ஒட்டுங்கள்.

ஏழாம் படி: தேர்வும் ஒப்படைப்பும்

216-இலிருந்து முதலில் 40, பிறகு 20, பிறகு 12. சிறு அச்சுகளாகப் போட்டுத் தரையில் பரப்பி வரிசை மாற்றிப் பார்ப்பதே சிறந்தது. தனித்து நின்றால் அழகாக இருந்து, பக்கத்துப் படத்தோடு பேசாத படத்தை விலக்குங்கள். நெகடிவ்களை உறையில் இட்டு ரோல் எண்ணும் தேதியும் எழுதிக் குறிப்பேட்டோடு சேர்த்துவிடுங்கள்.

படத்தில் இருப்பவர்களுக்கும் அச்சுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதையும் ஒப்படைப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். நான் தாமதமாகத்தான் போனேன். பன்னிரண்டையும் வண்டியின்மேல் பரப்பினேன். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் இருந்த கான்டாக்ட் ஷீட்டில் நான் குறுக்குக்கோடு போட்டிருந்த ஒரு ஃபிரேமின்மேல் விரலை வைத்தார். "இத ஏன் தம்பி அடிச்சிட்ட? இதுல தான நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறோம்." ரோல் 2, ஃபிரேம் 31. இருவரும் கேமராவைப் பார்க்கிறார்கள் என்பதற்காகவே நான் விலக்கிய ஃபிரேம் அது. மறுவாரம் 5×7 அளவில் அதை அச்சிட்டுக் கொடுத்தேன். வண்டியின் தகரக் கூரைக்கு உட்புறம், கரிப்புகை படாத மூலையில் இப்போது அது ஒட்டப்பட்டிருக்கிறது.